8 அங்குல மினி லேத்திலிருந்து அடுத்த மரக் கடைசல் லேத்: எதைப் பார்த்து வாங்குவது?

#1 | பூவரசு_பட்டறை

இப்போது இருப்பது 8 அங்குல ஸ்விங் (சுழலக்கூடிய மிகப் பெரிய விட்டம்), 13 அங்குல நீளம் உள்ள பெஞ்ச் மினி லேத். சின்ன டி.சி. மோட்டார். பம்பரம், பூரிக்கட்டை, மத்து, சின்னக் கிண்ணம் வரை குறை சொல்ல எதுவும் இல்லை. இனி 10, 12 அங்குலக் கிண்ணமும் தட்டும் கடைய வேண்டும். 28 அங்குல மேசைக் காலும் அவ்வப்போது வரும். மரம் பெரும்பாலும் பச்சையாகக் கிடைப்பது: தூங்குமூஞ்சி, மா, வேம்பு, பூவரசு.

தரைத்தளத்தில் 10க்கு 12 அடி அறை, சிமென்ட் தரை, சிங்கிள் ஃபேஸ். சக் (மரத்தைக் கவ்விப் பிடிக்கும் பிடிப்பான்), சாணைக் கல், உளி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் வரை போகலாம். மூன்று வழி கண்ணில் படுகிறது.

அ) 12 அங்குல மிடி லேத், 1 எச்.பி., புதுசு.
ஆ) 16 அங்குலம் அல்லது அதற்கு மேல், ஸ்டாண்டோடு, பழசு.
இ) உள்ளூரில் இரும்புச் சேனல் வைத்து அடித்துத் தரும் லேத், அதோடு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்பெட்டி).

எதில் போடலாம்?

#2 | உளிமுனை

ஸ்விங், எச்.பி. எல்லாம் அப்புறம். ஸ்பிண்டில் (சக் ஏறும் சுழல் தண்டு) மரை என்ன? சக் நேரடி மரையா, இன்செர்ட் (மாற்றக்கூடிய மரைத் துண்டு) போட்டதா?

#3 | பூவரசு_பட்டறை

காலிப்பர் வைத்தால் வெளி விட்டம் 19 மி.மீ. ஒரு அங்குலத்துக்கு 16 மரை எண்ணினேன். சக் நேரடி மரை, இன்செர்ட் கிடையாது.

#4 | உளிமுனை

அப்போ அது முக்கால் அங்குலம், 16 மரை. பழைய சின்ன லேத்துகளில் வருவது. அந்த சக் அடுத்த மெஷினில் ஏறாது என்று இப்போதே மனசில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மரையைக் குறைக்கிற அடாப்டர் போட்டு ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அடாப்டர் சக்கை ஸ்பிண்டில் மூக்கிலிருந்து 25, 30 மி.மீ. வெளியே தள்ளிவிடும். பேரிங்கிலிருந்து அவ்வளவு தூரத்தில் 8 கிலோ கட்டை தொங்கினால் அதிர்வு தானாக வரும்.

சந்தையில் இன்று நின்றிருப்பது மூன்று மரைதான். 1 அங்குலம், 8 மரை: அமெரிக்கப் பாணி மினி, மிடி எல்லாம் இதுதான். ஒன்றேகால் அங்குலம், 8 மரை: பவர்மேட்டிக் 3520 மாதிரி பெரிய அமெரிக்க மெஷின்கள். எம்33 (33 மி.மீ. விட்டம்), 3.5 பிட்ச் (மரைக்கு மரை 3.5 மி.மீ.): பிரிட்டன், ஐரோப்பா பக்கம்.

கடையில் சொல்வதை நம்பாமல் அளந்து பாருங்கள். 25.4 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 3.175 மி.மீ. இருந்தால் 1 அங்குலம் 8. விட்டம் 31.7 வந்தால் ஒன்றேகால். 33க்குச் சற்றே குறைவாக, பிட்ச் 3.5 இருந்தால் எம்33. கடைசி இரண்டுக்கும் விட்டத்தில் ஒன்றேகால் மி.மீ.தான் வித்தியாசம், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். ஒன்றேகால் அங்குல மூக்கில் எம்33 சக் இரண்டு மரை லொடலொடவென்று ஏறிவிட்டுப் பிறகு இறுகி நிற்கும். அப்போது பலம் போட்டால் மரை போயிற்று.

சக் வாங்கும்போது பின்னால் இன்செர்ட் மாற்றக்கூடியதாக வாங்குங்கள். நோவாவின் சூப்பர்நோவா2, விக்மார்க் வி.எம்.100, வி.எம்.120 போன்றவை அப்படித்தான். நாளைக்கு லேத் மாறினால் இன்செர்ட்டை மட்டும் மாற்றினால் போதும்.

#5 | சுழிமரம்

12 அங்குல ஸ்விங் என்றால் 12 அங்குலக் கிண்ணம் வரும் என்று அர்த்தம் இல்லை. ஸ்பிண்டில் மையத்திலிருந்து பெட் (லேத்தின் அடித்தண்டவாளம்) வரை 6 அங்குலம் என்பதுதான் கணக்கு. கட்டை உருண்டையாவதற்கு முன் அதன் மூலைகள் ஆறங்குலத்தைத் தாண்டி நிற்கும். அதனால் முடித்த கிண்ணம் 11 அங்குலம் வந்தால் பெரிது. பாஞ்சோவுக்கு (உளி தாங்கும் டூல் ரெஸ்டைப் பிடித்து நிற்கும் பாகம்) மேலே இன்னும் குறையும். மேசைக் கால் கடையும்போது அது போதும். தட்டின் விளிம்புக்கு வெளியே டூல் ரெஸ்டைக் கொண்டுபோகும்போதுதான் இடிக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் எடை. பச்சை மாங்கட்டை, 300 மி.மீ. விட்டம், 120 மி.மீ. கனம். கன அளவு எட்டரை லிட்டர், எடை ஏறக்குறைய 8 கிலோ. ஒரு பக்கம் சோற்றுப்பகுதி, இன்னொரு பக்கம் வைரம், நடுவில் ஒரு முடிச்சு. எவ்வளவு சரியாக மையம் குறித்தாலும் 200 கிராம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்த 200 கிராம் மையத்திலிருந்து 120 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 600 ஆர்.பி.எம்.மில் அது வெளியே இழுக்கும் விசை 95 நியூட்டன், அதாவது பத்து கிலோ சுமை. நொடிக்குப் பத்து முறை மேலே, கீழே, முன்னே, பின்னே இழுக்கிறது. வேகத்தை 1200 ஆக்கினால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. கிட்டத்தட்ட 39 கிலோ.

12 அங்குல மிடி லேத் 50, 60 கிலோ இருக்கும். 39 கிலோ அதை ஆட்டாமல் என்ன செய்யும்? 200 கிலோ வார்ப்பிரும்பு அதே இழுப்பை முனகாமல் வாங்கிக்கொள்ளும். பச்சை மரத்தில் பெரிய கிண்ணம்தான் வேலை என்றால் (ஆ)வைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

#6 | சீவல்_குப்பை

சுழிமரம் அண்ணன் கணக்கு சரிதான், முடிவோடதான் சண்டை. 1200ல கரட்டுக் கட்டைய யாருண்ணே சுத்துவா? அங்குல விட்டத்த ஆர்.பி.எம். ஆல பெருக்கினா 6000லேர்ந்து 9000க்குள்ள நிக்கணும்ங்கிறது எல்லாரும் வச்சிருக்கிற கணக்கு. 12 அங்குலத்துக்கு 500லேர்ந்து 750. அதுவும் கட்டை உருண்டையானப்புறம். கரடா இருக்கும்போது 250, 300ல ஆரம்பிக்கணும். 300ல அதே 200 கிராம் ரெண்டரை கிலோவுக்குக் கீழதான் இழுக்கும்.

அதனால கேக்க வேண்டிய கேள்வி "குறைஞ்ச வேகம் எவ்வளவு?" நிறைய மினி லேத் 500, 700க்குக் கீழ இறங்காது. இறங்கினாலும் டி.சி. மோட்டார்ல கை வச்சா நின்னுடும். ஜெட் 1221 மாதிரி மிடி லேத் மூணு பெல்ட் நிலையில 60லேர்ந்து 3600 வரைக்கும் வருது, 1 எச்.பி. மாசம் ரெண்டு கிண்ணம் கடையிறவருக்கு அது தாராளம்.

எடை வேணும்னா கீழ தட்டு போட்டு மணல் ஏத்துங்க. காய்ஞ்ச எம்-சாண்ட் 50 லிட்டர்னா 80 கிலோ நிக்கும். மூட்டையாவே வைங்க, மூட்டை நெளிஞ்சு உக்காந்தாத்தான் அதிர்வ உறிஞ்சும்.

#7 | சுழிமரம்

ஒப்புக்கொள்கிறேன், மணல் உதவும். ஆனால் கால் நான்கும் தரையில் உட்காராத ஸ்டாண்டில் 200 கிலோ மணல் போட்டாலும் ஆடும். முதலில் எம்12 லெவலிங் போல்ட், பிறகு மணல். இன்னொன்று, மணல் ஸ்டாண்டுக்குத்தான் எடை கொடுக்கும். மிடி லேத்தின் ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டிலைத் தாங்கும் தலைப்பகுதி) சுவர் கனத்தையோ பேரிங் அளவையோ மணல் மாற்றாது. 12 அங்குலக் கட்டையில் ஆழமாக வெட்டும்போது வரும் நடுக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

#8 | கடைசல்_கோவை

(இ) பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன்.

உள்ளூரில் அடிப்பதில் பெட் பிரச்சினை இல்லை. 125 சேனல் இரண்டைச் சேர்த்து, மேலே பட்டை வைத்து மெஷினிங் செய்தால் எடையும் வரும், முறுக்கமும் இருக்காது. கெடுவது ஹெட்ஸ்டாக்கில்தான்.

ஸ்பிண்டிலை இரண்டு பிளம்மர் பிளாக்கில் (பேரிங் வைத்த தாங்கி) உட்கார வைப்பார்கள். யு.சி.பி. 205 போட்டால் 25 மி.மீ. ஷாஃப்ட், மேசைக் காலுக்குச் சரி, கிண்ணத்துக்கு ஒல்லி. 207 கேளுங்கள், 35 மி.மீ. வரும். இ.என்.8 எஃகு உருளையில் ஷாஃப்ட், மூக்கில் எம்33, உள்ளே எம்.டி.2 டேப்பர் (சென்டர் செருகும் கூம்புத் துளை), பின்வரை 10 மி.மீ. துளை. துளை இல்லாவிட்டால் ஸ்பர் சென்டரை (மரத்தில் பற்களால் குத்திச் சுழற்றும் முனை) தட்டி எடுக்க வழி இல்லை. நிறையப் பேர் இதை மறந்துவிட்டு சென்டரை இடுக்கியால் பிடுங்குகிறார்கள்.

இப்போது முக்கியமான இடம். சக் நேராக நிற்பது மரையால் இல்லை, மரைக்குப் பின்னால் இருக்கும் தோளால். மரை வெறுமனே இழுத்துப் பிடிக்கிறது, தோள்தான் நேர் நிறுத்துகிறது. மரை, தோள், உள் டேப்பர் மூன்றையும் ஷாஃப்டை ஒரே பிடியில் வைத்துத் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் மரை வெட்டிவிட்டு, கழற்றித் திருப்பிப் பிடித்துத் தோளைச் சீவினால் அந்தத் தோள் அச்சுக்குச் செங்குத்தாக இருக்காது. தோளில் 0.1 மி.மீ. சாய்வு இருந்தால் 300 மி.மீ. கிண்ணத்தின் விளிம்பில் முக்கால் மி.மீ. ஆட்டம் தெரியும். டெலிவரி எடுக்கும் முன் டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை ஊசியால் காட்டும் கருவி) தோள்மேல் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். ஊசி 0.02 மி.மீ.க்கு மேல் ஆடினால் திருப்பிக் கொடுங்கள்.

டேப்பருக்கு: எம்.டி.2 சென்டர்மேல் மார்க்கரால் நீளவாக்கில் மூன்று கோடு இழுத்து, உள்ளே விட்டுக் கால் சுற்று சுற்றி வெளியே எடுங்கள். கோடு முழு நீளத்துக்கும் தேய்ந்திருந்தால் சரி. வாய்ப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கோணம் தப்பு, வேலை நேரத்தில் வழுக்கும்.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று வாங்கத் தெம்பு இருந்தால் (இ) எடுங்கள். சும்மா "லேத் ஒண்ணு அடிச்சுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் பூரிக்கட்டை லேத்துதான் வரும்.

#9 | மூணுபேஸ்

பழசு (ஆ) வாங்கினாலும் அடித்தாலும் பெரும்பாலும் 415 வோல்ட் த்ரீ ஃபேஸ் மோட்டார் வரும். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் என்று பயப்பட வேண்டாம்.

நம் நாட்டில் 2 எச்.பி. வரைக்குமான த்ரீ ஃபேஸ் மோட்டார் வழக்கமாக ஸ்டார் கனெக்‌ஷனில் இருக்கும், 3 எச்.பி.யிலிருந்து டெல்டா (இரண்டும் மோட்டார் சுருள்களை இணைக்கும் முறை). ஸ்டார் மோட்டாரை டெல்டாவுக்கு மாற்றினால் 230 வோல்ட்டில் அதே பலத்தோடு ஓடும். 230 உள்ளே, த்ரீ ஃபேஸ் 230 வெளியே தரும் வி.எஃப்.டி. போதும். ஏற்கெனவே டெல்டாவில் 415க்குக் கட்டிய 3 எச்.பி. மோட்டார் இந்த வேலைக்கு ஆகாது. அதனால் 1.5 அல்லது 2 எச்.பி. தேடுங்கள், 300 மி.மீ. கிண்ணத்துக்கு 1.5 போதும்.

டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு போல்ட் இருக்கும். ஒரு வரிசை யு1, வி1, டபிள்யு1. எதிர் வரிசை டபிள்யு2, யு2, வி2. ஸ்டாரில் எதிர் வரிசை மூன்றையும் ஒரே பட்டை சேர்த்திருக்கும். அதைக் கழற்றி, எதிரெதிர் போல்ட்டுகளை ஜோடி ஜோடியாகச் சேருங்கள்: யு1 டபிள்யு2, வி1 யு2, டபிள்யு1 வி2. ஆறு போல்ட் இல்லாமல் மூன்று ஒயர் மட்டும் வெளியே வந்தால் ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள்ளே இருக்கிறது. வைண்டிங் கடையில் கொடுத்து மூன்று முனையையும் வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும்.

பெயர்ப்பலகையில் 415 வோல்ட்டுக்கு 2.6 ஆம்பியர் என்று இருந்தால் வி.எஃப்.டி.யில் அதையே போடாதீர்கள். டெல்டாவில் 1.73 மடங்கு, அதாவது 4.5. குறைத்துப் போட்டால் பெரிய கட்டை ஏற்றும்போதெல்லாம் ஓவர்லோட் காட்டி நிற்கும், மெஷின் மேல் பழி வரும். 1.5 எச்.பி. மோட்டாருக்கு 1.5 கிலோவாட் வி.எஃப்.டி., தனி 16 ஆம்பியர் லைன், ஒழுங்கான எர்த். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் வைக்கக் கூடாது. ஓடும்போது அதை அணைத்தால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும்.

#10 | சீவல்_குப்பை

வி.எஃப்.டி. இருந்தா பெல்ட்டே மாத்த வேண்டாம்னு சொல்றாங்களே?

#11 | மூணுபேஸ்

அப்படிச் சொல்லித்தான் மோட்டாரை எரிக்கிறார்கள், தம்பி.

50 ஹெர்ட்ஸுக்குக் கீழே முறுக்கு அப்படியே இருக்கும், பலம் குறைந்துகொண்டே போகும். உதாரணம் பாருங்கள். மோட்டார் 1440 ஆர்.பி.எம். மோட்டார் புல்லி 65, 105, 140 மி.மீ., ஸ்பிண்டில் புல்லி 150, 110, 75. மூன்று ஜோடியும் கூட்டினால் 215, அதனால் ஒரே பெல்ட் மூன்றிலும் ஏறும். 50 ஹெர்ட்ஸில் வருவது 624, 1375, 2688.

இப்போது 624 வேண்டும். பெரிய கட்டை பெல்ட் நிலையில் 50 ஹெர்ட்ஸில் வைத்தால் 1.1 கிலோவாட் முழுசாகக் கையில் இருக்கும். பெல்ட்டை வேக நிலையிலேயே விட்டு 11.6 ஹெர்ட்ஸுக்கு இறக்கினாலும் அதே 624 வரும், ஆனால் பலம் கால் கிலோவாட்தான். உளியை அழுத்தியதும் நிற்கும். நிற்காமல் தள்ளினால் சூடாகும், ஏனென்றால் மோட்டாரின் விசிறியும் அதே ஷாஃப்டில்தான் இருக்கிறது, அதுவும் கால் வேகத்தில் சுற்றுகிறது.

குறைந்தபட்சம் 15, அதிகபட்சம் 75 ஹெர்ட்ஸ் என்று பூட்டி வைத்தால் முதல் நிலையில் 187லிருந்து 936, கடைசி நிலையில் 806லிருந்து 4032 வரை கிடைக்கும். வேறென்ன வேண்டும்?

65 மி.மீ. புல்லியில் ஏ செக்‌ஷன் வி-பெல்ட் போட வேண்டாம். அது 75க்குக் கீழே வளைய விரும்பாது. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் அதே வளைவில் இறுகிப்போய், ஓடும்போது டக் டக்கென்று அடிக்கும். பாலி-வி, ஜே வகை, ஆறு வரி பெல்ட் போடுங்கள். புல்லியையும் அதற்கேற்ற வரியோடு திருப்பச் சொல்ல வேண்டும்.

#12 | உளிமுனை

மூணுபேஸ் சொல்லாமல் விட்ட ஒன்று, நம் ஊருக்குக் கட்டாயம். கரண்ட் போய்த் திரும்பி வரும் கதை.

வி.எஃப்.டி.யில் ஆன், ஆஃப்புக்கு சாதாரண டாகிள் சுவிட்ச் போட்டால், ஓடும்போது கரண்ட் போனாலும் சுவிட்ச் ஆனிலேயே நிற்கும். பத்து நிமிஷம் கழித்துக் கரண்ட் வரும்போது நீங்கள் சக் சாவியைப் போட்டுத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். லேத் தானாகக் கிளம்பும். சாவி எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

மேனுவலில் மூன்று ஒயர் கட்டுப்பாடு என்று இருக்கும், அதைப் போடுங்கள். அழுத்தினால் சேரும் பச்சைப் பொத்தான், அழுத்தினால் பிரியும் சிவப்புப் பொத்தான். கரண்ட் வந்தாலும் பச்சையை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். சிவப்புப் பொத்தானை டெயில்ஸ்டாக் (மறுமுனைத் தாங்கி) பக்கம் நீள ஒயரில், காந்தம் ஒட்டி வையுங்கள். ஹெட்ஸ்டாக் மேலேயே இருந்தால், கட்டை ஆடும்போது அதை நிறுத்தக் கட்டையின் குறுக்கே கை நீட்ட வேண்டி வரும்.

வேகம் எடுக்க 6 நொடி, நிற்க 8 நொடி வையுங்கள். 2 நொடியில் நிறுத்தினால் இரண்டு கேடு: கனமான கட்டை மோட்டாரைத் திருப்பி ஓட்டி ஓவர்வோல்டேஜ் காட்டும், சக்கும் மரையிலிருந்து கழன்று வரப் பார்க்கும். பின்னோக்கிச் சுற்றுவதும் அப்படித்தான், சக்கில் பூட்டுத் திருகு இல்லாமல் ரிவர்ஸ் தொடாதீர்கள்.

பெட்டியைத் திறக்கும் முன் மெயினை அணைத்து ஐந்து நிமிஷமாவது பொறுங்கள். உள்ளே கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டி.சி. நிற்கும்.

#13 | முதிரைக்கட்டை

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கேள்வி. இங்கே பாவிக்கிற மரம் முதிரை, பாலை, வேம்பு. எல்லாம் கல்லு மாதிரி. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் அமெரிக்க 115 வோல்ட் மிடி லேத் ஒன்றை அனுப்பலாம் என்று சொல்லுகிறார். டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் சரிவருமோ?

#14 | மூணுபேஸ்

மோட்டாரைப் பொறுத்தது, ஐயா. வேகத்தைத் திருகுகிற குமிழ் உள்ள டி.சி. அல்லது இன்வெர்ட்டர் மெஷின் என்றால் உள்ளே போகும் மின்சாரத்தை முதலில் டி.சி.யாக்கிக்கொள்ளும், 50 ஹெர்ட்ஸா 60ஆ என்று அதற்குக் கவலை இல்லை. 1 எச்.பி.க்கு 2 கே.வி.ஏ. ஸ்டெப்-டவுன் போதும். பெயர்ப்பலகையில் 50/60 என்று இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பெல்ட் மட்டும் மாற்றும் பழைய வகையாக, மோட்டார் 1725 ஆர்.பி.எம். என்று இருந்தால் அது 60 ஹெர்ட்ஸ் இண்டக்‌ஷன் மோட்டார். இங்கே 1440க்குக் கிட்டத்தான் சுற்றும், 115 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் சூடாகும். அதற்கு மோட்டாரையே மாற்றுவது மலிவு.

#15 | சுழிமரம்

முதிரைக்கு இன்னொன்று. அடர்த்தி கூடின காய்ந்த மரத்தில் உளியின் கூர்தான் வேகத்தைவிட முக்கியம். பவுல் கௌஜை (கிண்ணம் குடையும் பள்ள உளி) 40 பாகையில் தீட்டினால் சுத்தமாக வெட்டும், ஆனால் சீக்கிரம் மழுங்கும். 55, 60 வையுங்கள். முதிரைத் தூள் தோலில் அரிப்புக் கொடுக்கும், முகமூடி இல்லாமல் தேய்க்க வேண்டாம். தூங்குமூஞ்சித் தூளும் தும்மல்காரன்தான்.

#16 | பூவரசு_பட்டறை

எல்லோருக்கும் நன்றி. 16 அங்குல வார்ப்பிரும்பு லேத் ஒன்று பழசாக வந்திருக்கிறது. எம்33, எம்.டி.2, 1.5 எச்.பி. த்ரீ ஃபேஸ், மூன்று படிப் புல்லி, இரண்டு ஆளால் தூக்க முடியாத எடை. போய்ப் பார்க்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

#17 | உளிமுனை

டயல் கேஜ் ஒன்று, காந்தக் கால் ஒன்று, எம்.டி.2 கூர்முனை சென்டர் இரண்டு, டார்ச், மர ஆப்பு ஒன்று கொண்டு போங்கள்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். கரகரப்பு விரலுக்குத் தெரியும், மோட்டார் ஓடினால் அந்தச் சத்தத்தில் காதுக்குத் தெரியாது. டயலை மூக்கின் மேல் வைத்து, மர ஆப்பால் மூக்கை மேலே நெம்புங்கள். 0.03, 0.04 மி.மீ.க்கு மேல் ஏறினால் பேரிங் மாற்ற வேண்டும். அதற்காகவே வேண்டாம் என்று வராதீர்கள், பேரிங் எண்ணைப் பார்த்து விலையில் கழித்துக் கேளுங்கள். டேப்பரின் உள்சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பர் சென்டர் வழுக்கிச் சுற்றியிருந்தால் உள்ளே வளையம் வளையமாகக் கீறல் இருக்கும். லேசாக இருந்தால் எம்.டி.2 ரீமரைக் கையால் ஒரு சுற்று விட்டால் போகும். மரை முனை நசுங்கியிருந்தால், தோளில் வெட்டுக்காயம் இருந்தால், அதற்கு மருந்து இல்லை.

டெயில்ஸ்டாக் குயில் (உள்ளிருந்து வெளியே நீளும் குழல்) 100 மி.மீ.யாவது வெளியே வர வேண்டும். முழுக்க வெளியே விட்டுப் பூட்டி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பாஞ்சோ எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஒரே இழுப்பில் இறுக வேண்டும். இறுகவில்லை என்றால் அடித்தட்டில் நட்டைக் கால் சுற்று திருப்பினால் பெரும்பாலும் சரியாகும், விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். டூல் ரெஸ்ட் தண்டு விட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 25.4, 30 இரண்டும் புழக்கத்தில் இருக்கிறது, புது ரெஸ்ட் வாங்கும்போது தேவைப்படும்.

பெட்டில் துரு மேலோட்டமாக இருந்தால் பரவாயில்லை. 400 நம்பர் காகிதமும் மண்ணெண்ணெயும் போதும், பிறகு மெழுகு. எண்ணெய் தடவாதீர்கள், பச்சை மரச் சீவல் அதில் ஒட்டிச் சேறாகும்.

#18 | சீவல்_குப்பை

பட்ஜெட் முழுக்க மெஷின்லயே போட்டுடாதீங்கண்ணே. மூணுல ஒரு பங்கு சக்குக்கும் சாணைக்கும் உளிக்கும் ஒதுக்கி வைங்க. 8 அங்குல கிரைண்டர், 180 சி.பி.என். வீல் (கடினமான சாணைச் சக்கரம்) ஒண்ணு, உல்வரின் மாதிரி ஜிக் (உளிய ஒரே கோணத்துல பிடிக்கிறது) ஒண்ணு. சி.பி.என்.ல எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) உளி மட்டும் தீட்டுங்க, பச்சை இரும்பு (மெதுவான சாதா இரும்பு) வச்சா வீல் அடைச்சுக்கும்.

உளில அரையங்குல பவுல் கௌஜ் ரெண்டு, பார்ட்டிங் ஒண்ணு, உருண்டை ஸ்கிரேப்பர் ஒண்ணு, மேசைக் காலுக்கு ஸ்கியூ ஒண்ணு, ஸ்பிண்டில் ரஃபிங் கௌஜ் ஒண்ணு. அந்த ரஃபிங் கௌஜ கிண்ணத்துப் பக்கம் கொண்டு போகவே கூடாது. பிடிக்குள்ள போற வால் தட்டையா ஒல்லியா இருக்கும், குறுக்கு நார் இழுத்துப் பிடிச்சா அங்கதான் முறியும்.

#19 | கடைசல்_கோவை

அரக்கு வேலை செய்யும் எண்ணம் உண்டா? அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான், சென்னபட்டணம் பொம்மை எல்லாம் லேத்தில் சுற்றும்போதே அரக்குக் குச்சியை அழுத்தி ஏற்றுவதுதான். உரசல் சூட்டில் அரக்கு உருக வேண்டும், அதனால் வேகம் 1000க்கு மேல் வேண்டும், அழுத்தினால் மோட்டார் திணறவும் கூடாது. சின்ன டி.சி. மெஷினில் அரக்கு திட்டுத் திட்டாக நிற்பதற்கு இதுதான் காரணம். ஏற்றிய பிறகு தாழை ஓலையால் அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு வரும். இந்த 16 அங்குல மெஷினில் நடு பெல்ட் நிலை அதற்குச் சொல்லிவைத்த மாதிரி.

#20 | பூவரசு_பட்டறை

வாங்கி, இறக்கியாயிற்று. பேரிங் ஆட்டம் 0.02. டெல்டா மாற்றி, மூன்று ஒயர் பொத்தானும் போட்டாயிற்று. இரண்டு கூர்முனை சென்டரையும் முட்ட வைத்தால் டெயில்ஸ்டாக் முனை என் பக்கம் சுமார் அரை மி.மீ. தள்ளி நிற்கிறது. உயரம் சரியாக இருக்கிறது. பழைய இடத்தில் இரண்டும் சரியாகச் சேர்ந்தது.

#21 | சுழிமரம்

பழைய இடத்தில் சேர்ந்தது என்றால் மெஷினில் குறை இல்லை. பெட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஸ்டாண்டின் மேல்பரப்பு நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் இல்லாமல் போல்ட்டை இறுக்கினால் வார்ப்பிரும்பும் வளையும்.

டெயில்ஸ்டாக் பக்கத்து பெட் போல்ட் இரண்டையும் தளர்த்துங்கள். தளர்த்தியதும் முனை தானாக நகர்ந்தால் சந்தேகமே இல்லை. உங்கள் மெஷினில் அந்த இரண்டு போல்ட்டுக்கும் நடுவே எவ்வளவு, பெட்டுக்கு மேல் சென்டர் உயரம் எவ்வளவு? 16 அங்குல ஸ்விங் என்றால் உயரம் 200 மி.மீ. இருக்கும். போல்ட் இடைவெளியும் 200க்குப் பக்கமாக இருந்தால் கணக்கு சுலபம்: ஒரு பக்கம் அரை மி.மீ. தூக்கினால் மேலே முனை அரை மி.மீ. எதிர்ப்பக்கம் போகும். முனை உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதனால் உங்கள் பக்கத்து போல்ட்டுக்கு அடியில் அரை மி.மீ. தகடு. பித்தளை ஷிம் இல்லாவிட்டால் குளிர்பானக் கேன் தகடு ஒன்று 0.1 மி.மீ. இருக்கும், ஐந்து அடுக்கு. இறுக்கிவிட்டு மறுபடி முட்ட வைத்துப் பாருங்கள்.

ஸ்பிண்டில் மையம் உங்கள் முழங்கை உயரத்துக்கு வருகிறதா என்பதையும் இப்போதே பார்த்து, வேண்டுமானால் காலுக்கடியில் கட்டை கொடுங்கள். ஷிம் வைத்த பிறகு உயர்த்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

#22 | பூவரசு_பட்டறை

போல்ட் இடைவெளி 180. கேன் தகடு நான்கு வைத்ததும் முனைகள் சேர்ந்துவிட்டன, ஐந்தாவதுக்கு வேலை இல்லை. முழங்கைக்கு ஒரு விரல் மேலே வருகிறது.

முதல் கட்டை பச்சை மா, 280 மி.மீ. ஃபேஸ்பிளேட்டா (திருகு போட்டுக் கட்டையைப் பிடிக்கும் தட்டு), சக்கா?

#23 | உளிமுனை

முதலில் ஃபேஸ்பிளேட். கிண்ணத்தின் வாய் வரப்போகும் பக்கத்தில், ஆறு மரத் திருகு, மரத்துக்குள் 30 மி.மீ. இறங்க வேண்டும். கறுப்பு டிரைவால் திருகு வேண்டாம், அது வளையாது, ஒடியும். டெயில்ஸ்டாக்கை முட்டுக் கொடுத்து, 250ல் ஆரம்பித்து, மெஷின் ஆடத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி வெளிப்பக்கத்தை உருட்டுங்கள்.

அடியில் டெனன் (சக் கவ்வும் வட்டக் குமிழ்) விடும்போது விட்டம் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், 100 மி.மீ. ஜா (சக்கின் கவ்வும் தாடை) இருந்தால் நல்லது. உயரம் 7, 8 மி.மீ. டெனன் நுனி சக்கின் அடியில் முட்டக் கூடாது, சுற்றியுள்ள மரத்தோள் ஜாவின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். கட்டை பிய்த்துக்கொண்டு பறப்பதில் பாதி இந்த ஒரு தப்பால்.

இன்று முடிக்காதீர்கள். சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, 28 மி.மீ. கனம் விட்டு உள்ளே குடைந்து, முனை நார் தெரியும் இடமெல்லாம் மெழுகு பூசி, காகிதப் பையில் போட்டுக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வாரம் ஒரு முறை எடை பார்த்துப் பையிலேயே எழுதுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. டெனன் அதற்குள் முட்டை வடிவமாகியிருக்கும், அதை முதலில் வட்டமாக்கிவிட்டு அப்புறம் சக்கில் பிடியுங்கள்.